செங்கல்லில் எழுதிய பெயர்

பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த மழையிலும் இவ்வளவு பேர் வந்திருப்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. இன்றைக்கு உங்களை ஒரு பழைய ஊருக்குள் நடத்திக் கூட்டிப் போகிறேன். ஸ்பெயினில் இருக்கும் தொலேதோ. மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

முதல் தடவை ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன். வழிகாட்டி கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நின்று பார்க்க நேரமே இல்லை. அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது. இரண்டாம் தடவை தனியாகப் போய், மூன்று நாள் தங்கி, ஒரே வழியை மூன்று முறை நடந்தேன். அந்த நடையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தொலேதோவைப் பற்றிப் பேசுகிறவர்கள், "இஸ்லாமியர், யூதர், கிறிஸ்தவர் மூவரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்" என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த ஊரில் கலவரம் நடந்திருக்கிறது, ஒரு கூட்டத்தையே நாட்டைவிட்டுத் துரத்தியும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அரசன் மாறியபோதும் வேலைக்காரனின் கை மாறவில்லை. கொத்தனும் தச்சனும் சுதை வேலை செய்தவனும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டே இருந்தார்கள். இந்த நடையில் நான் தேடிப் பார்த்தது அவர்களைத்தான்.

ரயில் நிலையத்திலேயே அந்தக் கைவேலை தொடங்கிவிடுகிறது. 1919-இல் திறந்த கட்டடம். சிவப்புச் செங்கல், பூவிதழ் மாதிரி மடிந்து மடிந்து வரும் வளைவுகள், மரக் கூரை. ஏதோ பழைய அரண்மனை என்றே நினைத்தேன். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் தாஹோ ஆறு. மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓட, நடுவில் பாறைமேல் ஊர். ஆற்றைக் கடக்கும் பாலத்தின் பெயர் அல்காந்தரா. அரபு மொழியில் அந்தச் சொல்லுக்கே பாலம் என்றுதான் பொருள். ஆக, 'அல்காந்தரா பாலம்' என்றால் 'பாலப் பாலம்'. நாம் அரைஞாண் கயிறு என்கிறோமே, அதே மாதிரி. ஞாண் என்றாலே கயிறுதான், பழைய சொல் மறந்துபோனதால் புதுச் சொல்லையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். அங்கேயும் அரபியர் ஆட்சி போனது, மொழி போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மேலே ஏறினால் சொகோதொவேர் சதுக்கம். இதுவும் அரபுச் சொல்தான், மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை என்கிற பொருளில் வந்தது. இன்றைக்கு நாற்காலி போட்டு காபி விற்கிறார்கள். அங்கே அதிக நேரம் உட்கார வேண்டாம். பக்கத்துச் சந்தில் இறங்குங்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. ஒரு பக்கம் எட்டு மீட்டர்தான், நம் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இன்றைய பெயர் ஒளியின் கிறிஸ்து ஆலயம். கட்டியபோது அது மசூதி. முகப்பில், கூரைக்குக் கீழே, ஒரு பட்டை ஓடுகிறது. தூரத்தில் பார்த்தால் வெறும் அலங்காரம். கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் அது எழுத்து! செங்கல்லையே வெட்டி அடுக்கி அரபு எழுத்தாக்கியிருக்கிறார்கள். இன்னார் தன் சொந்தப் பணத்தில் இந்த மசூதியைக் கட்டினார், மூசா இப்னு அலி என்ற கட்டடக்காரரின் கையால் வேலை முடிந்தது என்று அதில் இருக்கிறது. ஹிஜ்ரி 390 என்று ஆண்டும் இருக்கிறது. நம் கணக்கில் 999-ஆம் ஆண்டின் கடைசி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு கொத்தனாரின் பெயரை, அவர் அடுக்கிய செங்கல்லிலேயே பார்க்கிறோம். அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

உள்ளே நான்கு தூண்கள். அவற்றின் தலைப்பகுதிகள், இஸ்லாமியருக்கு முன் அந்த நாட்டை ஆண்ட விசிகோத்தியர் காலத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து வைத்தவை. அந்த நான்கு தூண்களும் கூரையை ஒன்பது கட்டமாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சின்னக் குவிமாடம், அதன் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் செங்கல் விலா. ஒன்பதில் ஒன்று போல இன்னொன்று இல்லை. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1085-இல் காஸ்தில் நாட்டின் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்போன்சோ இஸ்லாமியரிடமிருந்து ஊரைப் பிடித்தார். அவருடைய குதிரை இந்த வாசலில் மண்டியிட்டது என்றும், சுவரைத் தோண்டினால் உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றும் ஒரு கதை. குதிரை மண்டியிட்டதாகச் சொல்லும் இடத்தில் வெள்ளைக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள். கதை இருக்கட்டும், அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். சுமார் நூறு ஆண்டு கழித்து மசூதியைத் தேவாலயமாக்கி, ஒரு பக்கம் அரைவட்டமாக நீட்டிக் கட்டினார்கள். அந்தப் புதுப் பகுதியும் அதே செங்கல், அதே வளைவு! கிறிஸ்தவர்களுக்காகக் கட்டியது, ஆனால் கட்டிய முறை இஸ்லாமியர் வளர்த்த முறை. இதற்கு முதேஹார் பாணி என்று பெயர். தொலேதோவின் பாதித் தேவாலயக் கோபுரங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

அப்புறம் பேராலயம். 1226-இல் தொடங்கி 1493-இல் முடித்தார்கள். அதைப் பற்றிப் பேச ஒரு தனிக் கூட்டம் வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பீடத்தின் பின்புறம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காக, 18-ஆம் நூற்றாண்டில் கூரையையே துளைத்திருக்கிறார்கள். நண்பகலில் போய் நில்லுங்கள்.

அந்தப் பேராலயம் எழுவதற்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், இந்த ஊரில் இன்னொரு கைவேலை நடந்தது. மொழிபெயர்ப்பு. ஒரு மேசை, இரண்டு பேர். அரபு தெரிந்த யூத அறிஞர் ஒருவர் நூலைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பேச்சுமொழியில் சொல்லிக்கொண்டே வருவார், பக்கத்தில் இருக்கும் பாதிரியார் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். பாரசீக அறிஞர் அவிசென்னா ஆன்மாவைப் பற்றி எழுதிய நூல் இப்படித்தான் லத்தீனுக்குப் போனது. இத்தாலியிலிருந்து ஜெரார்டு என்பவர், பழங்கால கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடியே இந்த ஊருக்கு வந்து, அரபு கற்று, சாகும்வரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பஞ்சதந்திரத்தில் கரடகன், தமனகன் என்று இரண்டு நரிகள் வருமே, அவை பாரசீகம் போய், அரபுக்குப் போய், கலீலா, திம்னா என்று பெயர் மாறின. தொலேதோவில் பிறந்து, பிறகு பத்தாம் அல்போன்சோ என்று அரசரான இளவரசர், அரியணை ஏறுவதற்கு முந்திய ஆண்டு, 1251-இல் அந்தக் கதையை ஸ்பானிய மொழியில் எழுதவைத்தார்.

சரி, நடப்போம். சாந்தோ தொமே தேவாலயத்தில் ஒரே ஒரு ஓவியத்துக்காக வரிசை நிற்கிறது. எல் கிரெக்கோ 1586-இலிருந்து 1588-க்குள் வரைந்தது, ஓர்காஸ் பிரபுவின் அடக்கம். எந்தத் தேவாலயத்துக்காக வரைந்தாரோ அங்கேயே இன்றும் இருக்கிறது. நடுவில் இருக்கும் பெரிய மனிதர்களை விடுங்கள். இடது ஓரத்தில் தீப்பந்தம் பிடித்து நிற்கும் பையனைப் பாருங்கள். ஓவியரின் மகன். அவன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எட்டிப் பார்க்கிறது. அதில் கிரேக்க எழுத்தில் ஓவியரின் கையெழுத்து, கூடவே மகன் பிறந்த ஆண்டு, 1578. கிரீட் தீவிலிருந்து வந்து, சாகும்வரை இந்த ஊரில் வாழ்ந்தும், தன் பெயரைத் தன் தாய்மொழி எழுத்தில்தான் எழுதினார். கூலிக்கும் அவர் போராட வேண்டியிருந்தது. மதிப்பீட்டாளர்கள் 1200 தூகாத் (அந்தக் காலத்துப் பணம்) என்றார்கள், தேவாலயம் அதிகம் என்று மறுத்தது. மறு மதிப்பீட்டில் 1600 என்று வந்தது. கடைசியில் அதே 1200-க்குத்தான் ஒப்புக்கொண்டார்.

கொஞ்சம் இறங்கினால் யூதர் வாழ்ந்த பகுதி. பேத்ரோ அரசரின் கருவூலக்காரர் சாமுவேல் ஹலேவி 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. வெளியே வெறும் சுவர். உள்ளே போனால் சுவர் முழுக்கச் சுதை வேலை, மேலே மரக் கூரை. சுதையில் கொடி ஓடுகிறது, இலை விரிகிறது. அதைச் சுற்றி எபிரேய எழுத்தில் சங்கீதங்கள். இலைகளுக்கு நடுவே அரபு எழுத்து. கூடவே காஸ்தில் அரசின் கோட்டைச் சின்னம். ஒரே சுவரில் இவை மூன்றும்! கல்வெட்டில் இறைவனையும் அரசரையும் சாமுவேலையும் புகழ்ந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளிலேயே அதே அரசர் அவரைச் சிறையில் போட்டார், சித்திரவதையில் செத்துப் போனார். 1492-இல் யூதர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆலயம் தேவாலயமானது. சுவர் எழுத்து அப்படியே நின்றது.

பக்கத்தில் இன்னொரு பழைய ஜெப ஆலயம், வெள்ளை மாதா என்று பெயர் மாறியது. வெள்ளைத் தூண்கள், குதிரை லாட வளைவுகள், தூண் தலையில் சுதையால் செய்த பைன் காய்கள். யூதர்கள் வேண்டிக்கொள்ளக் கட்டியது, பார்த்தால் மசூதி மாதிரி, பெயரோ மாதாவின் பெயர். அதற்கு அப்பால் அரசி இசபெல்லும் அவர் கணவர் பெர்னாந்தோ அரசரும் கட்டிய மடம். வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் வரிசையாகத் தொங்குகின்றன. தெற்கே இஸ்லாமியர் ஆண்ட கிரானதாவில் சிறைப்பட்டிருந்த கிறிஸ்தவர்களை விடுவித்தபோது கழற்றியவை. யூதர்களை வெளியேற்ற ஆணை போட்டதும் இதே இருவர்தான்.

கடைசியாக சான் மார்த்தீன் பாலம். நடு வளைவு சுமார் 40 மீட்டர். 14-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய மேஸ்திரிக்கு ஒரு பயம் வந்ததாம். கணக்குத் தப்பிவிட்டது, சாரத்தைப் பிரித்தால் வளைவு விழுந்துவிடும். வெளியே சொல்லவும் முடியாமல் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். இடி மழை பெய்த ஒரு ராத்திரி அவள் போய்ச் சாரத்துக்குத் தீ வைத்துவிட்டாள். மின்னல் விழுந்தது என்று ஊர் நம்பியது. வேலையை முதலிலிருந்து சரியாகச் செய்ய அவருக்கு வழி கிடைத்தது. பிற்பாடு அவளே பேராயரிடம் போய் உண்மையைச் சொல்ல, அவர் மன்னித்தார் என்று முடிகிறது கதை.

வளைவின் உச்சிக் கல்லில் ஒரு சின்ன உருவம் இருக்கிறது. அது அவள்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். மூசாவின் பெயரைச் செங்கல்லில் பார்த்தேன், எல் கிரெக்கோவின் பெயரைக் கைக்குட்டையில் பார்த்தேன். இவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று நாளும் சாயங்காலம் அந்தப் பாலத்தில்தான் போய் நின்றேன். கீழே தாஹோ ஓடிக்கொண்டிருந்தது.

வணக்கம்.