மாவு குளிரும் அரை மணி நேரம்

வணக்கம், நேயர்களே. பக்கத்தில் பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் அளவு சொல்வேன். தவறவிட்டாலும் கவலை வேண்டாம், உரையை முடிக்கும்போது இன்னொரு தடவை சொல்கிறேன்.

பல வருடங்கள் பாலர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு இப்போது வீட்டில் பேரன் பேத்தியோடு இருக்கிறேன். பேத்திக்கு 6 வயது, பேரனுக்கு 3. பள்ளி விடுமுறை விட்டால் இரண்டும் என்னிடம்தான். "லீவுல பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் செய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாம் கையை எடுத்தால்தான் பிள்ளைக்கு வேலை கிடைக்கும்.

எனக்கே இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு சல்லடை. போன விடுமுறையில் பிஸ்கட் செய்ய உட்கார்ந்தோம். பேரன் கையில் சல்லடையைக் கொடுத்து, மைதாவைச் சலிக்கச் சொன்னேன். இரண்டு நிமிட வேலை. பையன் விளிம்பைப் பிடித்து ஒரு தட்டு தட்டினான். மாவு பொலபொலவென்று விழுந்தது. குனிந்து பார்த்தான். இன்னொரு தட்டு. கிண்ணத்தில் சின்ன மலை ஒன்று எழும்பியது. மலையுச்சியை விரலால் தொட்டுக் குழி பண்ணினான். எல்லாம் விழுந்து முடிந்ததும் நிமிர்ந்து, "பாட்டி, மறுபடியும்" என்றான். திரும்ப அள்ளிப் போட்டேன். அப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அடுப்படிக் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. எனக்கோ பிஸ்கட் ஆக வேண்டுமே என்ற கவலை. அவனுக்கு அந்த நினைப்பே இல்லை. நாம் 'வேலை' என்று சொல்லி வேகமாகத் தாண்டும் இடத்தில்தான் சின்னப் பிள்ளைகள் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டுமென்றால், இடையில் காத்திருப்பு நிறைய உள்ள பண்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். வெண்ணெய் பிஸ்கட் அதற்குத் தோதானது. மாவு கொஞ்சம் குளிர வேண்டும், பிறகு வேக வேண்டும், பிறகு ஆற வேண்டும். மூன்று காத்திருப்பு. அந்த மூன்றிலும்தான் நம் விளையாட்டும் கைவேலையும்.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் வைத்தால் போதும். பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, உப்பில்லாத வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. எல்லாம் எடைக் கணக்கு. சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம் எடுத்தால் ஒரு ட்ரே நிறையச் சின்ன பிஸ்கட் வரும். ஒரு சிட்டிகை உப்பு. முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. எடை போடுவதைப் பெரிய பிள்ளையிடம் விடுங்கள். சமையலறைத் தராசில் எண் ஏறி ஏறி 98, 99, 101 என்று தாண்டிப் போகும். துளி வெண்ணெயைத் திரும்ப எடுக்க வேண்டும். என் பேத்தி நோட்டில் போட்ட எத்தனையோ கழித்தல் கணக்கைவிட அந்தத் துளி வெண்ணெய் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

வெண்ணெய் விரல் வைத்தால் அமுங்குகிற பதத்தில் இருக்கட்டும். சர்க்கரையோடு குழைத்து, சலித்த மாவைச் சேர்த்து, பிடித்தால் பிடிபடும்வரை மட்டும் திரட்டுங்கள். அடித்துப் பிசையக் கூடாது. பிசையப் பிசைய மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலுத்து, வாயில் கரைய வேண்டிய பிஸ்கட் கடுக்கென்று ஆகிவிடும்.

இங்கேதான் வம்பு. மாவைக் கண்ட பிள்ளையிடம் பிசையாதே என்றால் நடக்குமா? அதற்கென்றே நான் இன்னொரு மாவு தயாராக வைத்திருப்பேன். மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் ஒரு கப். தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், முழுக் கப்பும் வேண்டியிராது. இது உப்பு மாவு, தின்பதற்கில்லை. குத்தலாம், உருட்டலாம், பாம்பு பண்ணலாம், நத்தை பண்ணலாம், உள்ளங்கையைப் பதிக்கலாம். ஒரு ஸ்ட்ரா வைத்து மேலே துளை போட்டுவிட்டால் காய்ந்த பிறகு நூல் கோத்துத் தொங்கவிடலாம். மெல்லிசாகச் செய்ததை ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் காய வையுங்கள். இல்லாவிட்டால் சும்மா வெளியில் வைத்தாலும் சில நாளில் காய்ந்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் கவனம். இந்த மாவை நாய் தின்றுவிட்டால், அத்தனை உப்பும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பிஸ்கட் மாவைத் தட்டையாகத் தட்டி, மூடி, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். முதல் தடவை நான் இதை வைக்கவில்லை. பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள், எனக்கும் பொறுமையில்லை. நட்சத்திரமும் மீனும் அழகாக வெட்டி உள்ளே வைத்தோம். வெளியே எடுத்தால் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளம். வெண்ணெய் இறுகியிருந்தால்தான் வெட்டிய வடிவம் நிற்கும். பேத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது உலகப் படம்" என்றாள். கண்டம் கண்டமாக உடைத்துத் தின்றோம்.

சரி, இந்த அரை மணிக்கு என்ன? எனக்குப் பிடித்தது ரகசியக் கடிதம். வெள்ளைக் காகிதம், வெள்ளைக் கிரேயான், தண்ணீர் வண்ணம், ஒரு பிரஷ். கிரேயானை நன்றாக அழுத்தி ஏதாவது வரையுங்கள். ஒன்றும் தெரியாது. பிள்ளையிடம் கொடுத்து மேலே வண்ணம் பூசச் சொல்லுங்கள். மெழுகில் தண்ணீர் ஒட்டாது அல்லவா, நீலம் பரவப் பரவ, வரைந்த இடம் மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். வண்ணம் நீர்த்திருக்க வேண்டும், கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். நான் ஒரு பூனை வரைந்து கொடுத்தேன். முதலில் வால் வந்தது. பேரன் பிரஷை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரு உள்ள இருக்கா?" என்றான். அடுத்து காது. அடுத்து மீசை. அதன்பிறகு இரண்டு பேரும் எனக்குக் கடிதம் போடத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தது. எழுதுகிறவருக்கே தெரியாத எழுத்து, அழுத்தம் போதவில்லை. பரவாயில்லை, பூசிப் பார்த்துவிட்டுத்தானே தெரிகிறது.

காகிதம் மடிப்பது பழைய வித்தை. 1837இல் ஜெர்மனியில் பிரெடெரிக் ஃப்ரோபெல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். 'கிண்டர்கார்ட்டன்', பிள்ளைகளின் தோட்டம், என்ற பெயரை அதற்கு வைத்தவரும் அவர்தான். காகிதம் மடிப்பதையும் காகிதப் பட்டைகளைப் பாய்போலப் பின்னுவதையும் அவர் பாடமாகவே வைத்திருந்தார். வீட்டில் தொடங்க கப்பல் நல்லது. சதுரம் வெட்ட வேண்டாம், நோட்டுத் தாளே போதும். ஆனால் 3 வயதுப் பிள்ளைக்கு ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதே பெரிய காரியம். அவன் மடிப்பை நகத்தால் நீவட்டும், மற்றதை அக்கா பார்த்துக்கொள்வாள்.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் ஒரு சிறுவன் காகித முகமூடி செய்தான். கண் இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தான். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு கண்ணைப் பெயர்த்து, நேராக, அழகாக, மறுபக்கம் ஒட்டி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் முகமூடியோடு வீட்டுக்குப் போனார்கள், அது மட்டும் மேஜையிலேயே கிடந்தது. அவன் செய்தது பக்கவாட்டில் பார்க்கிற மீனாம். மறுநாள் இன்னொரு பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எல்லாத் துண்டும் வெட்டித் தயாராக வரும் கைவேலைப் பெட்டிகள் எனக்குப் பிடிக்காததற்கும் அதுதான் காரணம். கண் எங்கே வர வேண்டுமென்று பெட்டிமேலேயே படம் போட்டிருக்கிறார்கள்.

3 வயதோ அதற்குக் கீழோ உள்ள பிள்ளை அருகில் இருந்தால் மணி, பொத்தான் மாதிரிப் பொடிச் சாமான் மேஜைக்கே வரக் கூடாது. டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் இருக்கிறதல்லவா, அதற்குள் நுழைகிற எதுவும் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கிவிடும். ஊதாத பலூனும் அப்படித்தான்.

மாவு குளிர்ந்துவிட்டது. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, பட்டர் பேப்பர் விரித்த ட்ரேயில் அடுக்குங்கள். வெட்டும்போது பிள்ளைகள் மாவை எடுத்து வாயில் போடுவார்கள். முட்டைதான் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மைதாவும் பச்சைப் பொருள்தான். கிருமி இருக்கலாம், வெந்தால்தான் சாகும். கை கழுவவும் வையுங்கள். ஓவன் 170 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம் கண்டால் எடுத்துவிடலாம். கதவைத் திறந்து ட்ரேயை வைப்பதும் எடுப்பதும் பெரியவர் வேலை. இதில் மட்டும் நான் கையை எடுக்கச் சொல்லவில்லை.

இந்தக் கால் மணி நேரம் ஓவன் முன்னால் பிள்ளைகள் மூக்கை வைத்துக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற இந்த வானொலிப் பெட்டியே போதும். பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், ஒலியை நிறுத்தினால் சிலையாக நிற்க வேண்டும். யார் அசைந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றாதீர்கள். வெளியேற்றினால் முதலில் வெளியே போவது எப்போதும் குட்டிப் பிள்ளைதான், அப்புறம் அழுகைதான். அசைந்தவர் அடுத்த சுற்றுக்கு ஒலியை நிறுத்தும் ஆளாகட்டும். என் பேரன் அந்தப் பதவிக்காகவே வேண்டுமென்று அசைகிறான்.

ஆறு வயதுக்கு இன்னும் கொஞ்சம் மூளை வேலை வேண்டும். 'பாட்டி சொன்னா' ஆட்டம். "பாட்டி சொன்னா, காதைத் தொடு" என்றால் தொட வேண்டும். வெறுமனே "மூக்கைத் தொடு" என்றால் தொடக் கூடாது. கை கிளம்பிப் பாதி வழியில் நிற்கும் பாருங்கள், அதுதான் வேடிக்கை. கிளம்பிய கையை நிறுத்துவது சின்ன வயதில் லேசான காரியமில்லை. இரண்டு சுற்று ஆனதும் கட்டளையிடும் இடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். நீங்கள் தோற்பதற்கு நடிக்கவே வேண்டியிராது.

பீட்டர் ப்ரூகல் என்ற ஓவியர் 1560இல் பிள்ளைகளின் விளையாட்டுகளை மட்டுமே வைத்து ஓர் ஓவியம் தீட்டினார். இப்போது வியன்னாவின் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 200க்கு மேற்பட்ட பிள்ளைகள், 80க்கு மேற்பட்ட விளையாட்டுகள். வளையம் உருட்டுகிறார்கள், பீப்பாய்மேல் சவாரி செய்கிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு துரத்துகிறார்கள், தலைகீழாக நிற்கிறார்கள். பெரும்பாலும் கையில் கிடைத்த சாமானும் சொந்த உடம்பும்தான். வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு ஆட்டமாகத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு மத்தியான விளையாட்டு.

மணி அடித்தாகிவிட்டது. எடுத்தவுடன் பிஸ்கட் மெத்தென்றிருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைத்துவிடாதீர்கள், ஆறினால்தான் இறுகும். இந்தப் பத்து நிமிடம்தான் அன்றைய நாளிலேயே நீளமானது. இதற்கு என்னிடம் உபாயம் ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் வைத்து, எல்லோருமாக ஊதுகிறோம்.

ஆறியதும் பங்கு. அன்றைக்கு ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தேன். பேத்தியின் நட்சத்திரம் கையிலேயே இரண்டாக உடைந்துவிட்டது. அவ்வளவுதான், பேரன் கத்த ஆரம்பித்தான். "அக்காவுக்கு ரெண்டு! எனக்கு ஒண்ணுதான்!" ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைத்தான் களிமண் உருண்டையை வைத்துக் காட்டினார். வடிவம் மாறினால் அளவும் மாறிவிட்டதாகவே சின்னப் பிள்ளைகள் நினைப்பார்கள், ஏறக்குறைய 7 வயதுவரை. நான் வாதாடவில்லை. அவன் மீனை வாங்கி நடுவில் ஒடித்துத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தான், முகம் மலர்ந்துவிட்டது. பேத்தி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் அவளும் இதற்காக அழுதவள்தான்.

பென்சிலோடு காத்திருப்பவர்களுக்கு, சொன்னபடி இன்னொரு தடவை: சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. குளிர்பெட்டியில் அரை மணி நேரம். ஓவனில் 170 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். சலிக்கும் நேரத்தை நான் சொல்லவில்லை, அது உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பொறுத்தது. வணக்கம்.