இரண்டாவது சாவி யாருடையது?

நடுவர் அவர்களே, உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மணியை முதல் ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் போதும், வேறு சலுகை எதுவும் கேட்க மாட்டேன். எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

குற்றத் தொடர்களைப் பெரிதும் கெடுப்பது கதையில் விழும் ஓட்டையா, அறத்தில் வரும் குழப்பமா என்பது தலைப்பு. ஓட்டைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "கொலை செய்தவனுக்காக நம்மை அழ வைக்கிறார்களே, இது தகுமா" என்று கேட்டு, கேட்கும்போதே தானும் கொஞ்சம் கலங்கினார். நடுவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இங்கே எல்லோரும் பேசும் அந்தப் புதுத் தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் எட்டுப் பகுதிகள். ஒரு பெண்ணைக் கொன்றவன் சாட்சி போதாமல் விடுதலையாகிறான். ஐந்தாம் பகுதியில் பெண்ணின் அப்பா அவனைத் தீர்த்துக்கட்டுகிறார். வழக்கை விசாரிக்கும் பெண் ஆய்வாளர், அந்த அப்பாவின் ரத்தக்கறை படிந்த சட்டையைக் கண்டெடுத்துச் சான்றுப் பொருள் அறையில் வைக்கிறார். ஆறாம் பகுதியில் மனம் கேட்காமல் அவரே அதை எடுத்துப்போய் எரித்துவிடுகிறார். உண்மையைச் சொல்வதா, விழுங்கிக்கொண்டு வாழ்வதா என்று மீதி இரண்டு பகுதியும் அவர் படும் பாடு.

சட்டையை எரித்தது எதிரணிக்குப் பிரச்சினை. எனக்கு எடுத்ததே பிரச்சினை. எப்படி எடுத்தார்?

இரண்டாம் பகுதியை நினைத்துப் பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இதே ஆய்வாளர்தான் பாடம் எடுக்கிறார். இந்த அறைக்கு இரண்டு சாவி, ஒன்று என்னிடம், இன்னொன்று காப்பாளரிடம், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், திறந்தால் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து, தினமும் காலையில் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்ப்போம் என்கிறார். கேமரா அந்தப் பூட்டை நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறது. நிஜ விசாரணையிலும் சான்றுப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு படியையும் எழுதித்தான் வைப்பார்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துத் தொங்கிவிடுவார். ஆக, எழுதியவர்களுக்கு விஷயம் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

ஆறாம் பகுதியில் என்ன ஆகிறது? ராத்திரி, மழை, பின்னணியில் ஒரு வயலின். ஆய்வாளர் தனியாக வருகிறார். ஒரு சாவி போடுகிறார். கதவு திறக்கிறது! பதிவேட்டைக் காணோம். மறுநாள் காலை யாரும் எண்ணவில்லை. அப்புறம் தொடர் முடியும்வரை ஒருவரும் எண்ணவில்லை. நான்தான் கண்ணயர்ந்துவிட்டேனோ என்று மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஒரே சாவிதான்.

"கதைதானே, இதையெல்லாமா நோண்டுவது?" என்று கேட்டார்கள். சரி, நோண்ட வேண்டாம். அந்த ஆய்வாளரின் தவிப்பு எதை நம்பி நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தான் வாய் திறக்காவிட்டால் உலகத்துக்குத் தெரியப்போவதில்லை என்பதை நம்பி நிற்கிறது. சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், இரண்டு வழியும் திறந்திருக்கிறது, அதனால்தான் தூக்கம் வரவில்லை. ஆனால் இரண்டாம் பகுதியின் கணக்குப்படி, மறுநாள் காலை காப்பாளர் எண்ணும்போதே சட்டை இல்லை என்பது வெளியே வந்துவிடும். பிறகு அவர் எதற்காகத் தவிக்க வேண்டும்? அவருக்குப் பதிலாகப் பதிவேடு முடிவெடுத்துவிட்டதே! எதிரணியினர் இவ்வளவு நேரமாக எந்தக் குழப்பத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ, அந்தக் குழப்பம் இந்தத் தொடரில் பிறக்கவே இல்லை. ஒருவிதத்தில் நான் அவர்களுக்கு நல்ல செய்திதான் சொல்கிறேன்.

எல்லா ஓட்டையும் ஒன்று என்று நான் சாதிக்க மாட்டேன். முதல் பகுதியில் இரவு பதினொரு மணிக்கு இறந்த பெண்ணின் உடல் ஒரு மணிக்கே முழுக்க விறைத்துவிட்டது என்கிறார் மருத்துவர். சாதாரணமாக உடல் முழுவதும் விறைக்க 12 மணி நேரம் போல ஆகும். கூட உட்கார்ந்து பார்த்த என் தங்கை செவிலியர், அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பிழையைத் திருத்தினாலும் கதையில் யாருடைய முடிவும் மாறாது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சாண்ட்லரை இழுத்து வந்தாரே, அதுவும் இந்த ரகம்தான். ரேமண்ட் சாண்ட்லர் 1939இல் எழுதிய 'தி பிக் ஸ்லீப்' நாவலைப் படமாக்கியவர்கள், கதையில் வரும் கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று அவரிடமே கேட்க, தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார். 1946இல் வந்த படத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். "ஓட்டையோடுதானே ஓடியது!" என்றார் நண்பர், கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கதையின் துப்பறிவாளர் யாரை நம்புவது, யாரைக் காப்பாற்றுவது என்று முடிவெடுப்பது அந்த ஓட்டுநரின் சாவை வைத்து அல்லவே. கூரையில் ஓட்டை என்றால் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துச் சமாளிக்கலாம். படகின் அடியில் ஓட்டை என்றால் பாத்திரத்தோடு நாமும் போக வேண்டியதுதான்.

அடுத்து, எதிரணி தரும் மருந்து. குற்றவாளிக்குத் தண்டனை கொடு, நல்லவனை நல்லவனாகவே காட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். 1934 முதல் 1968 வரை ஹாலிவுட் இந்த மருந்தைக் குடித்துப் பார்த்தாயிற்று. பார்ப்பவரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் போகவே கூடாது என்று தயாரிப்பு விதிமுறையில் எழுதியே வைத்திருந்தார்கள். 'தி பேட் சீட்' என்ற நாவலிலும் நாடகத்திலும் கொலைகாரச் சிறுமி பிழைத்துக்கொள்கிறாள், அவளைப் பெற்றவள் சாகிறாள். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் முடிவு. 1956இல் படமாக எடுத்தபோது அப்படி விட முடியவில்லை. தாயைப் பிழைக்க வைத்துவிட்டு, சிறுமியின் தலையில் மின்னலை இறக்கினார்கள். துப்பறிந்து பிடித்தவர் இல்லை, விசாரித்தவர் இல்லை, தீர்ப்பு சொன்னவர் இல்லை. வானிலை தண்டித்தது! அறத்தைக் காப்பாற்றப் போய்க் கதையில் போட்ட ஓட்டை அது, வானத்திலிருந்து தரைவரைக்கும்.

ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார். துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929இல் அந்தக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். பாதிரியார் ஆயிற்றே, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டளையாவது இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. தற்செயல் எதுவும் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. இப்படித்தான் போகிறது. துப்பறிபவரே குற்றம் செய்யக் கூடாது என்று ஒன்று உண்டு, எதிரணி குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதை மீறியும் நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். தடயத்தை மறைத்தவரை மட்டும் வாசகர் மன்னிப்பதில்லை. ஊருக்கு அறம் சொல்வதையே வேலையாகக் கொண்ட மனிதருக்கு, கதை என்று வந்ததும் கதவும் வழியும்தான் கவலை.

நம் வழக்குக்கு வருகிறேன், சிலம்பு வழக்குக்கு. விசாரணையே இல்லாமல் ஓர் அரசன் ஒருவனைக் கொன்று வரச் சொல்கிறான். இன்றைய தொடரில் இப்படி வந்தால் ஓட்டை, ஓட்டை என்று கத்தியிருப்போம். இளங்கோ அதற்கு இடமே கொடுக்கவில்லை. அரசனோடு ஊடல் கொண்ட அரசி, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் இருக்கிறான் அரசன். சரியாக வாசலில் பொற்கொல்லன் வழிமறிக்கிறான். அவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். இரண்டு சிலம்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால் எப்படி நிரூபிப்பது? அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், தெறித்தது, முடிந்தது. எல்லாத் தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது. அதனால்தான் கண்ணகி மதுரையை எரித்தது நியாயமா என்று இன்றுவரை மேடை போட்டு வாதாட முடிகிறது. நடுவர் அவர்களே, நீங்களே அதற்கு எத்தனை தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள், அதுவும் ஊருக்கு ஒரு மாதிரி! கோவலன் கைக்கு அந்தச் சிலம்பு எப்படி வந்தது என்று யாராவது மேடையில் சண்டை போட்டதுண்டா?

மணி பக்கம் கை போகிறது, தெரிகிறது. ஒரே ஒரு நிமிடம்.

அந்த ஆறாம் பகுதியை ஒரே காட்சியில் சரி செய்திருக்கலாம். காப்பாளர், அந்த நரைத்த மனிதர், ஆய்வாளரின் முகத்தைப் பார்க்காமல் தன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். அவ்வளவுதான். அவருக்கும் ஒரு மகள் இருப்பதாக நான்காம் பகுதியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். காலையில் எண்ண வேண்டியவரும் அவர்தான், பொய்க் கணக்கு எழுதப்போவதும் அவர்தான். இப்போது ஆய்வாளர் உண்மையைச் சொன்னால் அவர் மட்டுமல்ல, அந்தக் கிழவரும் சேர்ந்து மாட்டுவார். எதிரணித் தலைவருக்கு இன்னும் நாலு சொட்டுக் கண்ணீர் கூட வந்திருக்கும், நானும் கூடச் சேர்ந்து அழுதிருப்பேன்.

அடுத்து எதிரணியின் கடைசிப் பேச்சாளர் எழுந்து வருவார். எரித்தது சரியா தவறா என்று தாராளமாகப் பேசட்டும். அதற்கு முன்னால் அந்த இரண்டாவது சாவியை மட்டும் இந்த மேசைக்குக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.