எக்ஸ்ட்ரெமதுரா: ரோமன் மேடை, பிசாரோ மாளிகை, புகைபோட்ட மிளகாய்

[காட்சி: மெரிதாவின் ரோமன் அரங்கம், இரவு விளக்கில்]

ஸ்பெயின் போகிறவர்கள் மாட்ரிட், பார்சிலோனா, முடிந்தால் கிரனாடா என்று முடித்துக்கொள்கிறார்கள். போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எக்ஸ்ட்ரெமதுரா பக்கம் எட்டிப்பார்ப்பவர்கள் குறைவு. நமக்கு அது வசதிதான்.

மெரிதாவில் தொடங்குங்கள். போர் முடித்து ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்த அகஸ்டஸ் கி.மு. 25இல் உருவாக்கிய ஊர். இந்த அரங்கத்தில் சுமார் 6,000 பேர் உட்காரலாம். 1910இல் தோண்ட ஆரம்பிக்கும்வரை பெரும்பகுதி மண்ணுக்குள்தான் கிடந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மேல்பகுதியைப் பார்த்து ஊர்க்காரர்கள் ‘ஏழு நாற்காலி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது கோடையில் இதே மேடையில் நாடக விழா நடக்கிறது. பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் நாடகம் இரவில்தான்.

குவாதியானா ஆற்றின் மேல் ரோமன் பாலம், முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். வண்டிகள் கிடையாது. சாயங்காலம் காலாற நடக்கலாம்.

[காட்சி: கோபுர உச்சியில் நாரைக் கூடு]

காஸெரெஸ் மதில் சூழ்ந்த பழைய நகரம். அடங்காத பிரபுக்களின் கோபுரங்களை உயரம் குறைக்கச் சொன்னவர் இசபெல்லா ராணி. தப்பித்த ஒன்றின் பெயர் நாரைக் கோபுரம். ஊரெங்கும் கூடு கட்டியிருப்பது நமக்குத் தெரிந்த செங்கால் நாரையேதான்.

[காட்சி: துருஹியோ சதுக்கம், மூலை மாளிகை]

துருஹியோ, தென் அமெரிக்காவின் பெருவில் இன்கா பேரரசை வீழ்த்திய பிரான்சிஸ்கோ பிசாரோவின் ஊர். இந்த மாளிகையைக் கட்டியவர்கள் அவருடைய தம்பி எர்னாண்டோவும், அவர் மணந்த பிரான்சிஸ்காவும். பிரான்சிஸ்கா யார் தெரியுமா? பிசாரோவுக்கும் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் பிறந்த மகள். ஆமாம், அண்ணன் மகளையே கட்டிக்கொண்டார். மூலை பால்கனியின் இருபுறமும் குடும்பத்தார் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வேலைப்பாடு அழகுதான், பெருவில் அள்ளிய பொன்னும் வெள்ளியும் இப்படிக் கல்லாகி நிற்பதை மறந்துவிட்டு ரசிக்க என்னால் முடியவில்லை.

[காட்சி: பலகைகள் மேல் சிவப்பு மிளகாய், கீழே புகை]

அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த இன்னொன்று, மிளகாய். நம் சமையலறைக்கும் அது அங்கிருந்து, போர்த்துக்கீசியர் வழியாக வந்ததுதான். நாம் மொட்டைமாடியில் பரப்பிவிடுகிறோம். இங்கே வெரா பகுதியில் பறிக்கும் காலத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் கீழே ஓக் விறகைப் புகையவிட்டு, மேலே பலகை இடுக்குகள்மீது மிளகாயைக் கொட்டி, இரண்டு வாரம்போலத் தினமும் புரட்டிவிடுகிறார்கள். அரைத்தால் புகைமணத்தோடு பிமெண்டோன் தூள் ரெடி. ‘காரம்’ என்று எழுதிய டப்பாகூட நம் நாக்கை ஒன்றும் செய்யாது.

அந்தத் தூளும் பூண்டும் போட்டுப் பழைய ரொட்டியை உதிர்த்து வதக்கினால் ‘மிகாஸ்’. ஆட்டிடையர் சாப்பாடு, பிரெட் உப்புமா மாதிரி. பெரும்பாலும் பன்றி இறைச்சி சேரும், கேட்டுவிட்டு வாங்குங்கள். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9க்கு மேல்தான்.

[காட்சி: வட்டமான சீஸ், கத்தி]

சைவம் என்றால் ‘தோர்த்தா தெல் காசார்’. செம்மறியாட்டுப் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று நொதிக்குப் பதில் ஒருவகை முட்செடியின் பூவைச் சேர்க்கிறார்கள். மேல்தோலை மூடிபோல் வெட்டியெடுத்து, உள்ளே கூழாக இருப்பதை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட வேண்டும். லேசாகக் கசக்கும், வாடையோ பலமாக இருக்கும். கடையிலேயே முடித்துவிடுங்கள், லாட்ஜ் அறைக்கு எடுத்துப் போக வேண்டாம்.