யாரும் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் தக்கலைப் பக்கத்துச் செவிலியர் ஒருவர் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். வளைகுடா நாட்டு வேலை. ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டயாலிசிஸ்’ என்று எழுதியிருந்தார். அதிலும் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. படிப்பவருக்கோ ‘அனுபவம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும். ‘லிட்டில்’ முன்னால் ஓர் ‘எ’ போட்டேன், சரியாகிவிட்டது.

நம்மிடம் இந்த வேலையைச் செய்வது ‘தான்’. ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்றால் முகம் சுருங்குகிறது. ‘கொஞ்சம் இருக்கிறது’ என்றால் ஆறுதல். எண்ணக்கூடியவற்றில் ‘ஃபியூ’வும் ‘எ ஃபியூ’வும் இப்படித்தான். ‘ஃபியூ பஸ்சஸ்’ என்பது புகார். ‘எ ஃபியூ பஸ்சஸ்’ என்றால் காத்திருந்து பார்க்கலாம்.

எண்ணுவது, அளப்பது என்ற வேறுபாட்டை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தோவாளைச் சந்தையில் ‘எத்தனை முழம்?’ என்றும் ‘எவ்வளவு பூ?’ என்றும் பிசகாமல் கேட்கிறோம். ‘ஹவ் மெனி’, ‘ஹவ் மச்’ அவ்வளவுதான். ஆனால் நாம் எண்ணுகிற சிலவற்றை ஆங்கிலம் எண்ணாது. ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ் எல்லாம் அதற்கு மரச்சீனி மாவு மாதிரி. ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதிய கடைப் பலகைகளை இனி மாற்ற முடியாது. விண்ணப்பத்திலாவது அந்த ‘ஸ்’ வேண்டாம்.

என் வகுப்புகளில் அதிகம் கண்ட பிழை வேறு. ‘யாரும் வரவில்லை’ என்பதைப் பிள்ளைகள் ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதுவார்கள். தமிழில் மறுப்பு கடைசியில் வினையோடு வரும். அதுவரை ‘யாரும்’ பொறுமையாகக் காத்திருக்கும். ஆங்கிலத்து ‘எனிபடி’க்கு அந்தப் பொறுமை கிடையாது. ‘நாட்’ முன்னே போனால்தான் அது பின்னே வரும்: ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’. வாக்கியத்தின் தலையிலேயே ஆள் வேண்டுமென்றால் ‘நோபடி கேம்’. சிலர் இரண்டையும் சேர்த்து ‘நோபடி டிட் நாட் கம்’ என்பார்கள். இலக்கணப்படி பார்த்தால் வராதவர் ஒருவரும் இல்லை, எல்லாரும் வந்துவிட்டார்கள்!

‘யாரோ’ வந்தால் ‘சம்படி’. ‘யாராவது’ கொஞ்சம் வம்பு பிடித்தது. ‘யாராவது வந்தார்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘எனிபடி’. ‘யாராவது உதவுங்கள்’ என்று கூப்பிட்டால் ‘சம்படி’. விருந்தினரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்கும்போது, கேள்வியானாலும், ‘சம் டீ’ என்பதே உபசாரம். ‘வேண்டும்’ என்ற பதிலை எதிர்பார்த்துத்தானே கேட்கிறோம்.

கடைசியாக ‘எவ்ரிஒன்’. எல்லாரும் என்றதும் நம் வாய் பன்மைக்குப் போகிறது. ஆங்கிலத்தில் வினை ஒருமை, ‘எவ்ரிஒன் ஹேஸ் கம்’. ஆனால் அடுத்த அடியிலேயே பன்மைச் சொல் வந்து நிற்கும்: ‘எவ்ரிஒன் ஹேஸ் பிராட் தெயர் புக்ஸ்’. ‘தெயர்’ பிழை என்று சொல்லி ‘ஹிஸ்’ எழுத வைத்த தலைமுறை எங்களுடையது. ஆங்கிலேயர்களோ பல நூற்றாண்டுகளாகவே ‘தெயர்’ என்று எழுதி வந்திருக்கிறார்கள். அதற்காக நான் சிவப்பு மையால் வெட்டிய அரை மதிப்பெண்கள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அவற்றைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.