இரண்டாவது பாலம்

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் பேச்செடுத்தாலே, “இந்த வயதிலேயா? பெருக்கல் வாய்ப்பாடே இன்னும் வரவில்லையே” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லும் இன்ஜினியரிங்குக்கு வாய்ப்பாடு வேண்டாம். ஒரு தேவை இருக்கிறது, கையில் இருப்பது இவ்வளவுதான், இதை வைத்து எப்படிச் சமாளிப்பது? செய்து பார், சோதித்துப் பார், எங்கே சறுக்கியது என்று பார், மாற்றிச் செய். ஆறு வயதுக் குழந்தை இதை விளையாட்டாகவே செய்கிறது. பள்ளிக்கூடம் அதற்கு இடமும் நேரமும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொறியாளர் ஒருவரை வரையச் சொன்னால் பிள்ளைகளில் பலர் கார் பழுது பார்ப்பவரையோ கட்டட வேலை செய்பவரையோதான் வரைகிறார்கள். அமெரிக்காவில் இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அதேபோல், இவற்றில் எது தொழில்நுட்பம் என்று படங்களைக் காட்டிக் கேட்டால் கம்ப்யூட்டரையும் போனையும் தொடுவார்கள். கோப்பையையும் செருப்பையும் விட்டுவிடுவார்கள். கைப்பிடி வைத்த கோப்பையையும் யாரோ ஒருவர் யோசித்துத்தானே செய்திருக்கிறார்! சூடு கையில் படக்கூடாது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் போதும், அப்புறம் வகுப்பில் இருக்கும் பென்சில், பை, ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, ஒரு மூன்றாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் நான் எங்கேயும் பேசி முடித்ததில்லை.

இரண்டு புத்தக அடுக்குகள், நடுவே ஒரு ஜாண் இடைவெளி. ஒரு தாளைக் கொடுத்து, இதில் பாலம் போடு, மேலே நாணயம் வைப்போம், எத்தனை தாங்குகிறது என்று எண்ணுவோம் என்றார் டீச்சர். தாளைச் சும்மா விரித்து வைத்தால் இரண்டு மூன்று நாணயத்திலேயே தொய்ந்து விழுந்துவிடும். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை தாளை விசிறி போல மடிக்க, அதைப் பார்த்து எல்லோரும் மடித்தார்கள். இப்போது நிறையவே தாங்கியது. ஏன் என்று கேட்டால், வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். படுக்கவைத்து வளைத்தால் வளைகிறது, நிமிர்த்திப் பிடித்து வளைத்தால் அசைய மாட்டேன் என்கிறது. மடித்த தாளில் ஒவ்வொரு மடிப்பும் நிமிர்ந்து நிற்கும் சின்ன ஸ்கேல். உயரம் கூடக் கூட வளையாத தன்மை மளமளவென்று ஏறும். நீளமும் தடிமனும் மாறாமல், நிமிர்ந்து நிற்கும் பட்டையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும். இந்தக் கணக்கு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. கைக்குத் தெரிந்தால் போதும்.

நாணயம் ஏற ஏற, கடைசியில் எல்லாப் பாலமும் விழுந்தது. பெரும்பாலான வகுப்புகளில் கைதட்டி, ஜெயித்தது யார் என்று சொல்லி, அதோடு முடித்துவிடுவோம். இந்த டீச்சர் முடிக்கவில்லை. “உன் பாலம் எந்த இடத்தில் போச்சு?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

ஒரு சிறுமி சொன்னாள்: “நடுவுல மடிப்பு விரிஞ்சு போச்சு மிஸ். விரிஞ்சதும் மறுபடி வெறும் தாள் ஆயிடுச்சு.”

எவ்வளவு துல்லியமான பதில் பாருங்கள்! பாலம் முறியவில்லை, கிழியவில்லை. மடிப்புகள் பக்கவாட்டில் விலகி உயரம் இறங்கிவிட்டது. அவள் இன்னொரு தாள் கேட்டாள், டீச்சரும் கொடுத்தார். அதை மடிக்காமல் அப்படியே விசிறியின் அடியில் பசை தடவி ஒட்டினாள். மடிப்புகள் இனி விலக முடியாது. முன்பு வைத்த நாணயங்களை எல்லாம் வைத்தும் பாலம் அசையவில்லை. உடனே டீச்சர் மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினார். உள்ளே அலை அலையாகத் தாள், மேலும் கீழும் தட்டையான தாள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை நான்தான் கண்டுபிடிச்சேன்” என்றாள்.

ஒரு வகையில் உண்மைதான். நெளித்த காகிதத்துக்கு இங்கிலாந்தில் 1856ல் காப்புரிமை வாங்கியபோது அதைத் தொப்பிக்கு உள்ளே வைக்கத்தான் பயன்படுத்தினார்கள். 1871ல் அமெரிக்காவில் ஒருவர் கண்ணாடிப் பொருள்களை உடையாமல் அனுப்ப அதைச் சுற்றினார். அதுவும் வெறும் நெளித்த காகிதம்தான், இழுத்தால் நீண்டுவிடும். அதன்மேல் தட்டையான தாளை ஒட்டலாம் என்ற யோசனை 1874ல் வந்தது. இந்தச் சிறுமி அதே படியை ஒரே மதியத்தில் ஏறினாள். முதல் பாலம் விழுந்த இடத்தைப் பார்த்ததால்தான் ஏறினாள்.

அதனால் நான் எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான். இரண்டாவது பாலத்துக்கு நேரம் கொடுங்கள். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003ல் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே பொறியியல் பாடங்களை உருவாக்கத் தொடங்கியது. அதில் ஐந்து படிகள்: கேள், கற்பனை செய், திட்டமிடு, செய், மேம்படுத்து. வகுப்பில் பெல் அடிக்கும்போது எது விடுபடுகிறது? எப்போதும் அந்த ஐந்தாவதுதான். முதல் நான்கோடு நின்றால் அது கைவேலை வகுப்பு. கைவேலையும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்ஜினியரிங் ஐந்தாவது படியில்தான் இருக்கிறது.

இதற்குப் பெரியவர்கள் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முடித்த மாதிரி ஒன்றை மேசையில் வைத்துவிட்டால் வகுப்பு முழுக்க அதன் நகல்தான் வரும். பொருளையும் அள்ளிக் கொடுக்க வேண்டாம். டேப்பைச் சுருளாகக் கொடுத்தால் பாலம் முழுக்க டேப்தான் இருக்கும், யோசனை இருக்காது. ஒரு தாள், ஒரு முழம் டேப், அவ்வளவுதான் என்று சொல்லிப் பாருங்கள், எங்கே ஒட்டுவது என்று யோசிப்பார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகளிடம் முதலில் படம் வரை, அப்புறம் செய் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பொருளைத் தொட்டு வளைத்துப் பார்க்காமல் அவர்களால் திட்டமிட முடியாது. செய்தபிறகு வரையட்டும்.

“அழகா இருக்கு” என்று பாராட்டுவதைக் குறைத்து, “எங்கே உடைஞ்சது? இப்போ எதை மாத்தப் போறே?” என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். நாலை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும்.

நேரம் நெருங்கிவிட்டது, இன்னும் இரண்டு விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழு வேலையில் கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். பல குழுக்களில் பையன்கள் செய்வார்கள், பெண் பிள்ளைகள் எழுதிக்கொடுப்பார்கள். பாதி நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

பெற்றோருக்கு: ஓடாத பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு பிள்ளையிடம் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். பிளக் மாட்டி ஓடும் சாமான்களை மட்டும் பிரிக்க விட வேண்டாம், கரண்டை எடுத்த பிறகும் சிலவற்றின் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். நன்றி, வணக்கம்.