நடந்துகொண்டிருந்தபோதே வந்த அழைப்பு

நடுவர் அவர்களே, அவையோரே, "உழைப்பவரின் ஊதியத்தை உயர்த்தியது வீதியா, பேச்சுவார்த்தை மேசையா?" என்ற வினாவுக்கு, வீதியே என்று வாதிட வந்திருக்கிறேன். எந்த ஒப்பந்தமும் மேசையில்தான் கையெழுத்தாகிறது என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். ஆனால் முதலாளியை அந்த மேசைக்கு இழுத்து வந்தது எது என்பதை அவர் சொல்லவில்லை.

1965 செப்டெம்பரில், கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சை பறித்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில், தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸின் சங்கத்திலிருந்த மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். ஓர் இனத்தவர் வேலையை நிறுத்தினால் மற்ற இனத்தவரை இறக்கி அறுவடையை முடித்துக்கொள்வது அங்கே தோட்ட முதலாளிகளின் பழைய தந்திரம். அந்தத் தந்திரத்துக்கு இரு சாராரும் இடங்கொடுக்க மறுத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆயினும் மாதக்கணக்கில் எந்த மேசையும் அவர்களுக்காக விரிக்கப்படவில்லை.

1966 மார்ச் 17 அன்று சில பத்துப் பேர் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 300 மைல், 25 நாட்கள். சாவேஸின் கால்கள் கொப்பளித்து வீங்க, அவர் கோலூன்றி நடந்தார். ஈஸ்டர் ஞாயிறன்று தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பே, ஊர்வலம் இன்னும் வழியில் இருக்கையிலேயே, டெலானோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஷென்லி என்னும் பெரிய மதுபான நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்க இணங்கிவிட்டது. நடந்தவர்கள் போய்ச் சேருமுன்பே மேசை அவர்களைத் தேடி வந்துவிட்டது, நடுவர் அவர்களே!

அது அமெரிக்கா, இங்கே நடக்குமா என்று எதிரணியினர் கேட்கலாம். இதே கொழும்பில், 2018 ஒக்டோபர் 24 அன்று, மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். அன்று அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். அடுத்த ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாயில் நின்றது. அது போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கேட்ட தொகையைக் குறைத்தது மேசைதான், வீதியன்று. நாட்சம்பளமாக 1000 ரூபாய் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தபோதும், அது திடலில் கேட்ட அதே எண்தான். அன்று திடலில் நின்றவர்களில் பலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள். அவர்களின் தாய்மார் அந்நேரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.