மிருதங்கத்துக்கு ஏற்ற அறை

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். சிங்கப்பூரில் நெடுங்காலமாக வீணை கற்றுக்கொடுத்து வரும் நான், மரினா வளைகுடாவின் கரையில் நிற்கும் எஸ்பிளனேட் கலை மையத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தை அறியாதவர் இங்கே இல்லை. 2013 முதல் புழக்கத்தில் இருக்கும் ஐந்து காசு நாணயத்திலேயே அதன் உருவம் இருக்கிறது. வெயிலைத் தடுப்பதற்காகப் பொருத்திய 7,000-க்கும் மேற்பட்ட முக்கோண அலுமினியத் தகடுகள் முள் முள்ளாகத் தெரிவதால், ஊரே அதற்கு டுரியான் பழம் என்று பெயர் வைத்துவிட்டது. கூரையைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்தது என்றே நினைக்கிறேன். என் மனத்தில் இருப்பது அந்தக் கூரைக்குக் கீழே உள்ள அறைகள். ஒரு கலைக்கு ஏற்ற அறை அமைவது, ஒரு கலைஞருக்கு நல்ல வாத்தியம் அமைவதைப் போன்ற பேறு.

கட்டடக் கலைஞராகப் பயின்றவரும் பின்னாளில் நாட்டின் அதிபரானவருமான ஓங் டெங் சியோங் தலைமையில் அமைந்த ஆலோசனை மன்றம், 1989-இல் அளித்த அறிக்கையில், நாட்டுக்குத் தகுந்த நிகழ்கலை மையம் தேவை என்று எடுத்துரைத்தது. ஏறத்தாழ 600 மில்லியன் வெள்ளிச் செலவில் எழுந்த அந்த மையம் 2002 அக்டோபர் 12 அன்று திறக்கப்பட்டது.

அங்குள்ள இசையரங்கில் ஏறத்தாழ 1,600 இருக்கைகள் உள்ளன. அதன் ஒலியமைப்பை வகுத்தவர் அமெரிக்கரான ரசல் ஜான்சன். பர்மிங்காம் நகரத்துக்கும் சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகரத்துக்கும் புகழ்பெற்ற அரங்குகளை வகுத்துத் தந்தவரும் அவரே. அவர் என்ன செய்தார் என்பதை விளக்க, எதிர்முழக்கம் என்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். அறையில் கை தட்டினால், தட்டி முடித்த பிறகும் ஓசை சுவர்களில் பட்டுப் பட்டுச் சிறிது நேரம் நிற்கிறதல்லவா, அதுதான் எதிர்முழக்கம். மேற்கத்தியச் சேர்ந்திசைக்கு அது ஏறக்குறைய இரண்டு நொடி நீடிப்பது அழகு; அறுபது எழுபது வாத்தியங்களின் ஓசை ஒன்றாகக் குழைவதற்கு அந்த இரண்டு நொடி வேண்டும். ஆனால் நம் கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். மேல் காலத்தில், அதாவது விரைவான நடையில், மிருதங்க வித்துவான் நொடிக்கு எட்டு, பத்துச் சொற்களை, அதாவது அடிகளை, வாசிக்கிறார். ஓசை இரண்டு நொடி நிற்கும் அறையில் ஒவ்வொரு சொல்லின் மேலும் முந்தைய இருபது சொற்களின் நிழல் விழும். இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த ஓசையும் வலப்பக்கமான வலந்தலையில் எழும் சாப்பு என்ற கூர்ந்த ஓசையும் ஒன்றோடொன்று கலந்து, முத்தாய்ப்பான கோர்வை முடிந்ததா இல்லையா என்றே சபைக்குத் தெரியாமல் போகும்.

ஜான்சன் வகுத்த அரங்கின் பெருமை, அது ஒரே குணத்தோடு நின்றுவிடாததில் இருக்கிறது. அரங்கின் மேற்பகுதியைச் சுற்றி வெற்று அறைகள் இருக்கின்றன. அவற்றின் கனத்த கான்கிரீட் கதவுகளைத் திறந்தால் ஓசை அங்கே புகுந்து சுற்றித் திரும்பி வருகிறது. மூடிவிட்டால் அரங்கு சிறுத்துவிட்டதைப் போல ஓசை இறுகிக் கேட்கிறது. சுவரோரமாக இறக்கும் கனத்த திரைகள் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும். 4,740 குழல்கள் கொண்ட ஜெர்மானிய ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி முழங்குவதற்கும், ஒலிவாங்கி வைத்துப் பாடும் நம் கச்சேரிக்கும் அதே அரங்கு இடம் தருவது இப்படித்தான்.

ஆனாலும் என் மனம் தங்கியிருப்பது 245 பேர் அமரும் சிறிய இசைக்கூடத்தில். அங்கே ஒரு மாலையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து ஒரு வீணைக் கச்சேரியைக் கேட்டேன். பேகடை ராகத்தில், ஒரே மீட்டில் நான்கைந்து சுரங்களை இழுத்துக் காட்டிவிட்டு, விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமலே அந்தக் கலைஞர் காத்திருந்தார். தந்தி மெல்ல அடங்கியது. மெட்டின் மேல் நகம் உரசிய ஓசைகூட எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டதும் தெரிந்தது. வீணையின் உயிர் அந்த அடங்கும் நாதத்தில்தான் இருக்கிறது என்று மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் மாணவி ஒருத்தி அதை அன்றுதான் காதால் கேட்டுப் புரிந்துகொண்டாள்.

நடனத்துக்கும் இதுவே பொருந்தும். எஸ்பிளனேட்டின் நாடக அரங்கு ஏறத்தாழ 2,000 பேருக்கானது. பெரிய குழு நடனங்களுக்கும் இசை நாடகங்களுக்கும் அதன் அகன்ற மேடை அவசியம்தான். ஆனால் தனி ஒருவர் ஆடும் பரதநாட்டியத்தில், உணர்ச்சியை முகபாவத்தால் காட்டும் பாடலான பதம் பிடிக்கும்போது, கண்ணோரம் ஏற்படும் ஒரு சிறு மாற்றம்தான் முழுப் பொருளையும் தாங்குகிறது. அதை மூன்றாம் மாடத்தில் இருப்பவர் எப்படிக் காண்பார்? வேறொரு பெரிய மண்டபத்தில் நடந்த அரங்கேற்றத்தில், கடைசி வரிசையில் இருந்த எனக்கு நட்டுவாங்கத்தின் தாள ஒலி எட்டியது, அபிநயம் எட்டவில்லை. பிள்ளைக்குப் பெரிய மேடை வேண்டும் என்று விரும்பும் பெற்றோரின் ஆசை எனக்குப் புரிகிறது. எனினும் எஸ்பிளனேட்டில் 220 பேர் அமரும் நாடகக் கூடம் போன்ற ஓர் இடமே பதத்துக்கு உகந்தது என்பதை நான் தயங்காமல் சொல்வேன். 2022-இல் 550 இருக்கைகளோடு நீர்முக அரங்கு திறக்கப்பட்டதை நான் பெரிதாக மதிப்பதும் இதனால்தான். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையே ஓர் அளவு அதுவரை இல்லை. மேலும், அங்கே இருக்கைகளின் அமைப்பையே நிகழ்ச்சிக்கேற்ப மாற்ற முடியும்.

மையம் திறந்த 2002-ஆம் ஆண்டிலிருந்தே, தீபாவளியை ஒட்டி, கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா அங்கே நடந்து வருகிறது. எஸ்பிளனேட் நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு கட்டணமில்லாதவை என்பதால், சீட்டு வாங்காமலே வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். வேலை முடிந்து சீருடையோடு நின்று கேட்கும் நம் தொழிலாளத் தம்பிகளையும் நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

நாகசுரமும் தவிலும் எந்த அறைக்குள்ளும் அடங்காதவை. கோயில் வீதியில், திறந்த வானத்தின் கீழ் முழங்கி வளர்ந்த வாத்தியங்கள் அவை. எஸ்பிளனேட்டிலும் அவற்றுக்கு உரிய இடம், வளைகுடா நீரைப் பின்னால் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் நிற்கும் மேடைதான். அங்கே எதிர்முழக்கம் கிடையாது, கதவும் திரையும் கிடையாது. நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியில் புறப்படும் ஓசை நேரே தண்ணீரின் மேல் போய், அக்கரை விளக்குகளின் பக்கம் கரைகிறது.